செவ்வந்தியின் குறை, நெடுமாறன் பேரில்

"அந்தாளு ஒங்க பேஷன்ட்டும்மா."

"எங்க பேஷன்ட் அவரு வீட்டுக்காரம்மா. அவரு எங்க பேஷன்ட் இல்ல."

"அவரு இங்க வந்து உக்காந்திருக்கிறதே ஒங்க டிபார்ட்மென்ட் மாத்திரையாலதான்."

"மாத்திரைய முழுங்குறது அவரா? முழுங்காத ஆளுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு? யூராலஜிக்கே திருப்பி விடுங்க."

"அவங்கதான ஒங்ககிட்ட தள்ளி விட்டாங்க. மறுப்பு நிலைன்னு எழுதி."

"எதை மறுக்கிறாராம்?"

"தனக்கு ஒண்ணுமே இல்லங்கிறாராம்."

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து, புற்றுநோய்ப் பிரிவு நர்சும் மனநலப் பிரிவு நர்சும் தன்னைப் பற்றிப் போட்டுக்கொள்ளும் சண்டையை நெடுமாறன் கேட்டுக்கொண்டிருந்தான். நாற்பத்தொன்பது வயது. பூதலூர்ப் பக்கம் நடவு மெஷின் ஓட்டுகிறவன். உடம்பில் ஒரு வியாதியும் கிடையாது. காலையில் ரயிலை விட்டு இறங்கும்போது கிடையாது. மதியத்துக்குள் மணிக்கட்டில் நீலப் பட்டை, முழங்கை மடிப்பில் பஞ்சு, கையில் தடிமனான ஒரு ஃபைல். ஃபைலின் மேல் அவன் பெயர். பெயருக்குக் கீழே அவனுக்கு இல்லாத வியாதி.

இந்தக் கூத்து நடந்த இடம் தஞ்சாவூர்ப் புறவழிச்சாலையில் இருக்கும் கருணாசாகரம் உயர்சிறப்பு மருத்துவ மையம். வாசலில் நுழைந்ததும் பித்தளை எழுத்தில் 'முழு மனிதருக்கு முழு மருத்துவம்' என்று இருக்கும். அதற்கு நேர் கீழே, முழு மனிதரின் எந்தப் பாகம் எந்தக் கட்டடம் என்று அம்புக்குறி போட்டிருப்பார்கள்.

வியாதி செவ்வந்திக்குத்தான். போன வருஷம் குறுவைக்கு நாற்று விடுகிற சமயத்தில் மார்பில் கட்டி தெரிந்தது. ஆபரேஷன் செய்து ஒரு பக்க மார்பை எடுத்தார்கள். பிறகு கீமோ. முடி கொட்டியது, நகம் கறுத்தது, எல்லாவற்றையும் தாங்கினாள். தாங்கி முடித்தபிறகுதான் ஒடிந்தாள். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவள் படுத்தவள்தான். சாப்பிடக் கூப்பிட்டால் "நீங்க சாப்பிடுங்க" என்பாள். கீமோ முடிந்தும் தொடர வேண்டியிருந்த ஊசிகளுக்கு வரமாட்டேன் என்றாள். "வர்றது வரட்டும், என்னைய விட்டுருங்க" என்றாள். அப்படிப் பேசுகிறவள் இல்லை அவள். வாய்க்கால் தண்ணீருக்கு மண்வெட்டியோடு வந்தவனையே வாயாலேயே திருப்பி அனுப்பியவள்.

மனநலப் பிரிவு டாக்டர் வானதி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று, ஆனால் கேட்டது. ஒருநாள் காலை நெடுமாறன் கொல்லையில் பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது உள்ளேயிருந்து சத்தம் வந்தது. "பால் பொங்குறது ஒங்க கண்ணுக்குத் தெரியலையா? மெஷினுக்கு கிரீஸ் வைக்கத் தெரியுது, அடுப்பை அணைக்கத் தெரியாதா?" அவன் வாயில் நுரையோடு அப்படியே நின்று கேட்டான். அவ்வளவு நாளில் அன்றுதான் அவனுக்கு மூச்சு நேராக வந்தது.

ஊசிகள் தொடர்ந்தன. ஹார்மோன் மாத்திரையும் ஆரம்பித்தார்கள். எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது ஒரு சாயங்காலம், கீரை ஆய்ந்துகொண்டே, அவன் முகத்தைப் பார்க்காமல் அவள் சொன்னாள்.

"ஏங்க. எனக்கு அந்த ஆசையே வர மாட்டேங்குது."

"ஒடம்பு தேறட்டும் புள்ள. இப்ப என்ன அவசரம்."

"ஒங்களுக்காகச் சொல்லல. எனக்காகச் சொல்றேன். கீமோ நேரத்துலகூட நெனைப்பு இருந்துச்சு. ஒடம்புதான் முடியல. இப்ப ஒடம்பு முடியுது, நெனைப்பு இல்ல. அப்படியே பக்கத்துல வந்தாலும் பாதி வழியில நின்னு போவுது. அந்த மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதுலேருந்துதான்."

அவன் சிதறிய கீரைத் தண்டுகளைப் பொறுக்கிப்போட்டான்.

"ஒரு மாரை எடுத்துக்கிட்டாங்க, குடுத்தேன். முடிய எடுத்துக்கிச்சு, குடுத்தேன். இதையும் குடுத்துட்டுத்தான் உசுரோட இருக்கணும்னா, இருக்கிறது யாருங்க?"

வார்டில் ரவுண்ட்ஸ் வந்த ஒரு சின்ன டாக்டரிடம் அவளே ஒருமுறை கேட்டிருந்தாளாம். அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தபடி "மொதல்ல உயிர் பிழைங்கம்மா" என்றாராம். பிழைத்துத்தானே கேட்கிறேன் என்று சொல்ல வந்திருக்கிறாள், அதற்குள் அடுத்த படுக்கைக்குப் போய்விட்டார்.

அதன்பிறகு அவள் யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்தினாள். தலை கிறுகிறுத்தது, தூக்கம் போனது, கொஞ்ச நாளில் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். வயலிலிருந்து வந்த நெடுமாறன் அந்த முதுகைப் பார்த்ததும் சேற்றுக் காலோடு உள்ளே ஓடினான். கெஞ்சி, திட்டி, மறுபடி மாத்திரையைச் சாப்பிட வைத்தான். அவள் ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்.

"அடுத்த ஊசிக்குப் போறப்ப நீங்க கேக்கணும். இந்த மாத்திரைய விடாம, இதுக்கு ஒரு வழி உண்டா இல்லையான்னு. இல்லன்னு சொன்னாக்கூடப் பரவாயில்ல. ஆனா கேக்காம வந்தீங்கன்னா அன்னைக்கே நிறுத்திருவேன்."

அதற்காகத்தான் இன்று அவளை ஊசி வார்டில் உட்கார வைத்துவிட்டு, வரவேற்பு கவுண்ட்டருக்கு வந்தான். கவுண்ட்டரில் பிரகதீஸ்வரி என்று பெயர் குத்திய பெண். கண்ணாடி ஓட்டைக்குக் குனிந்து, கொள்முதல் நிலையத்தில் ஈரம் கூடிப்போன நெல்லைப் பற்றிப் பேசுகிற குரலில், விஷயத்தைச் சொன்னான். அந்தப் பெண் சிரிக்கவில்லை, முகம் சுளிக்கவும் இல்லை. தட்டினாள். கம்ப்யூட்டர் 'டொக்' என்றது. மறுபடி தட்டினாள். மறுபடி 'டொக்'.

"தாம்பத்தியக் குறைபாடுன்னு போட்டா, பாலினம் பெண்ணுன்னு இருக்கக் கூடாதுங்குது சார்."

"ஏம்மா?"

"தெரியல சார். பெண்ணுக்கு என்னென்ன இருக்குன்னு பாக்குறேன். பிரசவம் இருக்கு. மாதவிலக்கு இருக்கு. குழந்தையின்மை இருக்கு. வெள்ளைப்படுதல் இருக்கு. இது இல்ல."

"வேற ஏதாச்சும்னு போட்டு அனுப்புங்களேன்."

"வேற ஏதாச்சும்னு போட்டா கேன்டீனுக்குப் போயிரும் சார், சாப்பாடு புகார்னு." கொஞ்சம் யோசித்தாள். "ஒங்க பேர்ல போட்ருட்டுமா? ஒரே குடும்பந்தானே. உள்ள போயி டாக்டர்கிட்ட வெவரம் சொல்லிக்குங்க."

நெடுமாறனுக்கு இதில் ஒரு தப்பும் தெரியவில்லை. அவன் வீட்டு மோட்டார் கனெக்‌ஷன் செத்துப்போன தாத்தா பேரில் ஓடுகிறது. பட்டா அப்பா பேரில். பயிர்க்கடன் செவ்வந்தி பேரில். நடவு மெஷின் மச்சான் பேரில், மானியத்துக்காக. யார் பேர் காகிதத்தில் ஏறுமோ அவர் பேரில் எழுதிக்கொண்டு, யாருக்குத் தேவையோ அவர் அனுபவிப்பதுதான் அவன் பார்த்த உலகம். "போட்டுக்குங்கம்மா" என்றான்.

டோக்கன் வந்தது. அம்புக்குறி அவனை யூராலஜிக்குக் கொண்டுபோனது.

டாக்டர் கலந்தர் அன்பானவர். அவனைத் தோளில் தட்டி உட்காரவைத்தார்.

"எவ்வளவு நாளா இருக்கு?"

"எனக்கு இல்லீங்க சார். எங்க வீட்டம்மாவுக்கு."

டாக்டர் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் ஆரம்பிப்பாங்க. ஒரு ஃப்ரெண்டுக்குன்னு சொல்வாங்க. மச்சானுக்குன்னு சொல்வாங்க. பொண்டாட்டிக்குன்னு சொன்ன மொத ஆளு நீங்கதான். வெக்கப்படாதீங்க."

"நெசமாத்தான் சார். அவளுக்கு மனசுக்குக் குடுத்த மாத்திரையால..."

"பொண்ணுங்களுக்கு இதெல்லாம் இருந்தாலும் தெரியாது, இல்லன்னாலும் தெரியாதுய்யா. என் சர்வீஸ்ல ஒரு லேடி கூட வந்து சொன்னதில்ல."

டாக்டரின் அறைக் கதவில் 'ஆண்கள் நலப் பிரிவு, பெண்களுக்கு அனுமதி இல்லை' என்று எழுதியிருந்தது. நெடுமாறன் அதைப் படித்துவிட்டுத்தான் உள்ளே வந்திருந்தான்.

ரத்தம் எடுத்தார்கள். ஸ்கேன் எடுத்தார்கள். வயிறு முட்டத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஒரு பீங்கான் தொட்டி முன்னால் நிறுத்தி, நீரோட்டத்தின் வேகத்தை அளந்தார்கள். வேகம் பிரமாதமாக இருந்தது. டாக்டருக்கு அது சங்கடமாகப் போயிற்று. ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எல்லாம் நார்மல். ஆனால் ஃபைலில் குறை இருப்பதாக எழுதியிருக்கிறது. ஃபைல் பொய் சொல்லாது. எனவே ஆள்தான் எதையோ மறைக்கிறான். 'மறுப்பு நிலை' என்று எழுதி மனநலப் பிரிவுக்கு அனுப்பினார். அங்கே இருந்த நர்ஸ் மாத்திரை சாப்பிடுகிறவரின் நோய் எது என்று பார்த்துப் புற்றுநோய்ப் பிரிவுக்கு அனுப்பினாள். இங்கேயிருந்து திருப்ப, அங்கேயிருந்து அவளே கிளம்பி வர, அந்தச் சண்டைதான் கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் நடந்துகொண்டிருந்தது.

நெடுமாறனுக்கு உட்கார முடியவில்லை. எழுந்து நடந்தான், மறுபடி உட்கார்ந்தான். செவ்வந்திக்கு ஊசி இறங்கி முடிந்திருக்கும். தேடுவாள். சாயங்கால ரயிலுக்கு நேரம் ஆகிக்கொண்டிருந்தது. இத்தனை கட்டடம் ஏறி இறங்கியும் அந்த ஒரு கேள்வி இன்னும் அவன் வாயிலேயேதான் இருந்தது. வீட்டுக்குப் போனதும் அவள் கேட்கப்போவது ஒன்றுதான். பதில் இல்லையென்றால் அந்த மாத்திரை அட்டை பரண்மேல் போகும். அவள் முதுகு இந்தப் பக்கம் திரும்பும்.

சண்டைச் சத்தம் மாடி வரைக்கும் கேட்டிருக்க வேண்டும். நிர்வாக இயக்குநர் சந்தானகிருஷ்ணன் இறங்கி வந்தார். ஃபைலை வாங்கிப் பார்த்தார். மூன்று பிரிவுகளின் முத்திரையும் ஒரே ஃபைலில் இருப்பதைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது.

"இது பிரச்சினை இல்ல. இது வாய்ப்பு. ஒருங்கிணைப்புக் கூட்டம் போடுங்க. உடனே."

கூட்ட அரங்கம் குளிர்ந்து கிடந்தது. சமோசா, காபி வந்தன. டாக்டர்கள் கலந்தர், வானதி, புற்றுநோய்ப் பிரிவுத் தலைவர் வளவன் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தார்கள். ஓரத்தில் பிரகதீஸ்வரி கம்ப்யூட்டரோடு. நெடுமாறனை நடுவில் ஒரு நாற்காலியில், எல்லோரும் பார்க்கும்படி உட்கார வைத்தார்கள். அவனுக்குச் சமோசா கொடுக்கவில்லை. அவன் நோயாளி.

சந்தானகிருஷ்ணன் எழுந்து, எட்டடி தூரத்தில் இருந்தவர்களுக்கு மைக்கில் பேசினார்.

"நம்ம நிறுவனம் நோயாளிய முழு மனிதராப் பாக்குது. அதனாலதான் ஒவ்வொரு பாகத்துக்கும் ஒரு தனிக் கட்டடம் கட்டியிருக்கோம். ஒரு கட்டடத்து ஆள் இன்னொரு கட்டடத்துக்குள்ள தலையிடறதில்ல. அந்த ஒழுக்கம்தான் நம்ம பலம். தாம்பத்திய நலத்துலயும் நாம முன்னோடி. நம்ம புள்ளிவிவரத்தப் பாருங்க. போன வருஷம் இந்தக் குறையோட வந்த ஆண்கள் நூத்துக்கு மேல. பெண்கள் பூஜ்யம். டெல்டா பெண்களோட ஆரோக்கியத்துக்கு இத விட என்ன சான்று வேணும்."

கலந்தர் கை தட்டினார். பிரகதீஸ்வரி கீபோர்டைப் பார்த்தாள்.

வளவன் கடிகாரத்தைப் பார்த்தபடி சொன்னார். "சார், என் வேலை உயிரக் காப்பாத்துறது. காப்பாத்திக் குடுத்துட்டேன். அதை வச்சிக்கிட்டு அவங்க வீட்ல என்ன பண்றாங்கங்கிறது என் டிபார்ட்மென்ட் இல்ல."

"மிகச் சரி," என்றார் சந்தானகிருஷ்ணன். "அப்ப எந்த டிபார்ட்மென்ட்?"

மூன்று பேரும் காபி குடித்தார்கள்.

அப்போது கதவு திறந்தது. தலையில் பருத்தித் துண்டு, புறங்கையில் ஊசிப் பிளாஸ்திரி, மூச்சு வாங்க செவ்வந்தி நின்றாள். உங்கள் வீட்டுக்காரரை டாக்டர்கள் எல்லாம் சேர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று யாரோ வார்டில் சொல்லியிருக்கிறார்கள். அவன் மணிக்கட்டுப் பட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வெளிறியது.

"ஏங்க. ஒங்களுக்கு என்னங்க ஆச்சு?"

"எனக்கு ஒண்ணும் ஆவல புள்ள. ஒன் வியாதி எம்பேர்ல ஏறிப்போச்சு. எறக்கத் தெரியாம உக்காந்திருக்காங்க."

"நெஞ்சு நின்னு போச்சுங்க எனக்கு." பக்கத்து நாற்காலியில் சாய்ந்தாள். கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். "கேட்டீங்களா?"

"நாலு கட்டடத்துல கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"என்னோடது நல்லா இருக்குன்னு சொன்னாங்க."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. துண்டு நழுவ, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த அரங்கத்தில் அன்று நடந்த உருப்படியான காரியம் அதுதான்.

சந்தானகிருஷ்ணன் தொண்டையைச் செருமினார். "அம்மா, நீங்க உறவினர். வெளிய இருக்கணும்."

"நாந்தாங்க பேஷன்ட். கேள்வி என்னோடது. மனசுக்குக் குடுத்த மாத்திரை நல்லா கேக்குது. அது இல்லன்னா நான் செவத்தப் பாத்துப் படுத்துருவேன். ஆனா அதனால என் ஆசை போயிடுச்சு. எனக்கு ரெண்டும் வேணும். வழி உண்டா இல்லையா?"

மூன்று டாக்டர்களும் இயக்குநரைப் பார்த்தார்கள்.

"பெண்களுக்கு இந்தக் குறை பதிவாகல அம்மா," என்றார் சந்தானகிருஷ்ணன், மிகவும் மரியாதையாக. "கணக்குப்படி பூஜ்யம்."

"அப்ப என்னைய ஒண்ணுன்னு போட்டுக்குங்க."

"கம்ப்யூட்டர் ஏத்துக்காது சார்," என்றாள் பிரகதீஸ்வரி மெதுவாக. "காலையிலயே போட்டுப் பாத்தேன்."

டாக்டர் வானதி காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். "இதை ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"ஒவ்வொரு தடவையும் கேள்வித்தாள் குடுக்குறீங்க. தூக்கம் வருதா, பசிக்குதா, அழுகை வருதான்னு இருக்கு. இது அதுல இல்லீங்க. வேற ஏதாச்சும் உண்டான்னு நீங்க கேக்குறப்ப அடுத்த ஆளு உள்ள வந்துடுறாங்க."

"இந்த மாத்திரைக்கு இது வரும். நெறைய பேருக்கு வரும்."

"தெரியுமாங்க ஒங்களுக்கு?"

"தெரியும்."

"குடுக்குறப்பவே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பயந்து சாப்பிடாம விட்ருவாங்கன்னு சொல்றதில்ல."

"சொல்லாததாலதாங்க நான் விட்டேன். ஒருத்தர்கிட்டயும் கேக்க முடியாம."

வானதி நாற்காலியை இழுத்துப்போட்டு அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். மாத்திரையின் அளவைக் குறைத்துப் பார்க்கலாம், இல்லையென்றால் இந்தத் தொந்தரவு குறைவாகத் தரும் வேறு மாத்திரைக்கு மெல்ல மெல்ல மாற்றலாம், நீங்களாக மட்டும் ஒரேயடியாக நிறுத்தக் கூடாது என்றார். ஹார்மோன் மாத்திரையாலும் வறட்சி, வலி வரும், அதற்கும் வழி உண்டு என்றார். ஆனால் மனசுக்கான மாத்திரைகளில் சில அந்த ஹார்மோன் மாத்திரையின் வேலையைக் கெடுத்துவிடும், அதனால் எதை எழுதலாம் என்று டாக்டர் வளவனைக் கேட்காமல் எழுத முடியாது என்றார்.

டாக்டர் வளவன் ஒரு நாற்காலி தள்ளி உட்கார்ந்திருந்தார்.

"ரெஃபரன்ஸ் அனுப்புங்க டாக்டர், பாக்குறேன்," என்றார்.

வானதி சீட்டு எழுதினார். அட்டெண்டர் அதை எடுத்துக்கொண்டு மனநலக் கட்டடத்துக்குப் போய் வெளியே போகும் முத்திரை வாங்கி, புற்றுநோய்க் கட்டடத்துக்குப் போய் உள்ளே வரும் முத்திரை வாங்கி, வியர்க்க விறுவிறுக்கத் திரும்பி வந்து வளவனிடம் நீட்டினார். அதுவரை இரண்டு டாக்டர்களும் கையெட்டும் தூரத்தில் அமைதியாக இருந்தார்கள். வளவன் படித்தார். "இது ஒத்துக்கும்" என்று எழுதினார். சீட்டு மறுபடி புறப்பட்டது. கலந்தர் இரண்டாவது சமோசா எடுத்தார்.

கடைசியில் பிரகதீஸ்வரி அச்செடுத்த மருந்துச் சீட்டில் எல்லாம் சரியாக இருந்தது. மாத்திரை, அளவு, எப்படிக் குறைத்து எப்படிக் கூட்டுவது, எல்லாம். பெயர் மட்டும் நெடுமாறன், ஆண்.

"இதை ஒங்க பேருக்கு மாத்தணும்னா சாஃப்ட்வேர் கம்பெனிக்கு எழுதணும்கா," என்றாள் பிரகதீஸ்வரி. "எப்ப வரும்னு சொல்ல முடியாது." டாக்டர் வானதி சீட்டை வாங்கி, ஓரத்தில் பேனாவால் செவ்வந்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

நெடுமாறன் யோசனையோடு நின்றான். "நாளைக்கு ஏதாச்சும் சிக்கல் வருமோ?"

"வாங்க நீங்க," என்றாள் செவ்வந்தி. "ஒங்க தாத்தா செத்து எத்தனையோ வருஷமாச்சு. மோட்டார் தண்ணி எறைக்கலையா?"

ரயிலைப் பிடித்துவிட்டார்கள். ஜன்னலோரம் அவள். சம்பா நடவு முடிந்த வயல்களில் தண்ணீர் நின்றது. மாத்திரை கேட்கிறதா என்று தெரிய வாரங்கள் ஆகும். கேட்காமலும் போகலாம், அப்போது மறுபடி வரச் சொல்லியிருக்கிறார் வானதி. இருப்பு கொள்ளாமல் நெடுமாறன் சீட்டை எடுத்து எடுத்துப் பார்த்தான். அவள் அதைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொண்டு, நீலப் பட்டை இன்னும் ஒட்டியிருந்த அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"இதைக் கழட்டி எறியலாம்ல."

"கத்திரிக்கோல் வேணும் புள்ள."

"சரி, இருக்கட்டும். வியாதிக்காரரே, பட்டாணி வாங்குங்க."

மாதக் கடைசியில் கருணாசாகரம் புள்ளிவிவரம் வெளியிட்டது. தாம்பத்தியக் குறைபாடு: ஆண்கள் கணக்கில் ஒன்று கூடியிருந்தது. பெண்கள் பூஜ்யம்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ, உங்களுக்கேயோ, பெரிய வியாதிக்கு நடுவில் மனசுக்கு மாத்திரை சாப்பிட்டு இந்தத் தொந்தரவு வந்ததுண்டா? டாக்டரிடம் கேட்டீர்களா? என்ன சொன்னார்கள்? கீழே எழுதுங்கள். பேர் வேண்டாம், ஊர் வேண்டாம். விவரமாக எழுதக் கூச்சமாக இருந்தால் 'ஒன்று' என்று மட்டும் போடுங்கள். நாமே எண்ணிக்கொள்வோம்.